பாபநாசம் – விக்கிரமசிங்கபுரம்: அருவி நீர் உருவாக்கிய ஆலை நகரம்

விக்கிரமசிங்கபுரம் திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் வட்டத்தில், தாமிரபரணி ஆறு மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் அமைந்துள்ள நகராட்சி ஆகும். 40,000-க்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இவ்வூரையும் இதை ஒட்டிய பாபநாசத்தையும் வெளியூரார் கோயிலாலும் அருவியாலும் அறிவர். உள்ளூராருக்கோ இது முதலில் ஆலை ஊர். ஆற்று நீரின் விசையால் ஓடிய ஒரு பஞ்சாலை, இவ்வூரின் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டு வரலாற்றைத் தீர்மானித்தது.

ஆலைக்கு முன்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாணதீர்த்தம், கல்யாணதீர்த்தம், அகத்தியர் அருவி ஆகியவற்றின் வழியே இறங்கிப் பாபநாசநாதர் கோயில் முன்பாக ஓடுகிறது. இங்கு நீராடினால் பாவம் தீரும் என்ற நம்பிக்கையே ஊருக்குப் பெயரானது. சைவ சித்தாந்த உரையான சிவஞான மாபாடியத்தை இயற்றிய சிவஞான முனிவர் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர். ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் எனத் தொடங்கும் அணைக்கட்டுகள் ஆங்கிலேயர் வருமுன்பே நெல் வயல்களுக்கு நீர் பிரித்துக் கொடுத்தன. ஆகவே தாமிரபரணி வழிபாட்டுக்கும் வேளாண்மைக்கும் உரிய ஆறாகவே இருந்தது. தொழிற்சாலையை ஓட்டும் வேலை அதற்குப் பின்னர் வந்து சேர்ந்தது.

பருத்தியும் ஆற்று நீரும்

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி செல்வது தடைப்பட்டது. அதனால் கோவில்பட்டி, விருதுநகர் பகுதிக் கரிசல் காட்டுப் பருத்திக்கு விலை ஏறியது. அப்பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறியது. பருத்தியை அனுப்புவதோடு நில்லாமல் இங்கேயே நூலாக்கினால் என்ன என்ற எண்ணம் இதன் தொடர்ச்சியாக எழுந்தது.

அதைச் செயலாக்கியவர்கள் ஆண்ட்ரூ, பிராங்க் என்னும் ஹார்வி சகோதரர்கள். 1880-களில் அவர்கள் திருநெல்வேலி மில்ஸ் என்னும் நூற்பாலையைப் பாபநாசத்தில் நிறுவினர். பருத்தி விளையும் கரிசல் நிலமும் நூலை ஏற்றும் துறைமுகமும் தொலைவில் இருக்க, மலையடிவாரத்தை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நீரின் வீழ்ச்சி. அக்காலத்தில் நீராவி எந்திரத்தை ஓட்ட நிலக்கரி வேண்டும். தென் தமிழ்நாட்டில் நிலக்கரி கிடையாது, நெடுந்தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். உயரத்திலிருந்து இறங்கும் ஆற்று நீரோ எரிபொருள் செலவின்றிச் சக்கரத்தைச் சுழற்றும்.

இம்முறையில் நீர் செலவாவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எந்திரத்தைச் சுழற்றிய நீர் மீண்டும் ஆற்றில் சேர்ந்து கீழே உள்ள வயல்களுக்குப் பாயும்.

நெதர்லாந்தில் ஓர் ஒப்புமை

ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே சான் ஆற்றின் கரையில் உள்ள சாந்தாம் பகுதி இதற்கு நல்ல ஒப்புமை. நெதர்லாந்து தட்டையான நாடாகையால் அங்கு அருவி இல்லை, காற்று உண்டு. 1593-இல் கொர்னேலிஸ் கொர்னேலிஸ்சோன் என்பவர் காற்றால் மரம் அறுக்கும் எந்திரத்துக்கு உரிமம் பெற்றார். ஆம்ஸ்டர்டாமில் கையால் மரம் அறுப்போரின் சங்கம் இதை எதிர்த்தது. அத்தகைய கட்டுப்பாடு இல்லாத சான் ஆற்றங்கரையில் இத்தொழில் வேரூன்றியது. மரம் அறுத்தல், எண்ணெய் ஆட்டுதல், காகிதம், சாயப்பொடி, தானியம் தீட்டுதல் எனப் பல தொழில்களுக்காக 18-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 600 காற்றாலைகள் அங்கு சுழன்றன. கப்பல் கட்டுவதைக் கற்க உருசியப் பேரரசர் பீட்டர் 1697-இல் அங்கு வந்து தங்கினார்.

சான் கரையில் பல தொழில்களும் பல சிறு உடைமையாளர்களும் இருந்தனர். பாபநாசத்தில் ஒரே தொழில், ஒரே நிறுவனம். இவ்வேறுபாடு பிற்கால வரலாற்றை விளங்கிக்கொள்ள உதவும்.

சங்கொலியில் எழுந்த ஊர்

ஆலை வந்தபின் சுற்று வட்டார வேளாண் குடும்பங்கள் கூலிக்காக விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்தன. ஊரின் நேரத்தை ஆலைச் சங்கு குறித்தது. மழை பொய்த்தாலும் மாதம் தவறாத சம்பளம், வேளாண் கூலி வாழ்க்கையில் அதுவரை இல்லாத ஒன்று.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 7 வயது நிரம்பாத குழந்தைகளை மட்டுமே வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 1891-இல் அது 9 வயதாக உயர்ந்தது, பெண்களின் வேலை நாள் 11 மணி நேரமானது. வயது வந்த ஆண்களின் வேலை நேரத்துக்கு 12 மணி என்ற வரம்பு 1911-இல்தான் வந்தது. பஞ்சுத் தூசு நுரையீரலைப் பாதிப்பது உலகெங்கும் நூற்பாலைத் தொழிலாளர் அறிந்த துன்பம்.

ஹார்வி நிறுவனம் தூத்துக்குடியில் கோரல் மில்லையும், 1892-இல் இயங்கத் தொடங்கிய மதுரை மில்லையும் நடத்தியது. கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி இறுதியில் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் வழிநடத்திய அப்போராட்டம் மார்ச் தொடக்கத்தில் வெற்றி கண்டது. சில நாட்களில் இருவரும் கைது செய்யப்பட்டனர், திருநெல்வேலியில் எழுச்சி மூண்டது. இந்தியத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்ககால வெற்றிகளில் ஒன்றாக இவ்வேலைநிறுத்தம் எண்ணப்படுகிறது.

1920-களில் ஹார்வி நிறுவனத்தின் ஆலைகள் மதுரா மில்ஸ் என்ற பெயரில் ஒன்றிணைந்தன. 1974-இல் அது மதுரா கோட்ஸ் ஆனது.

மின்சாரம் வந்த பிறகு

பைக்காரா, மேட்டூர் ஆகியவற்றுக்குப் பின் சென்னை மாகாணத்தின் பெரிய நீர்மின் திட்டமாகப் பாபநாசம் திட்டம் அமைந்தது. 143 அடி கொள்ளளவுள்ள அணை கட்டப்பட்டு 1944-இல் மின் உற்பத்தி தொடங்கியது. ஆலையை ஓட்டிய அதே நீர்வீழ்ச்சி இப்போது தென் மாவட்டங்களுக்கு வெளிச்சம் தந்தது.

ஆனால் இம்மாற்றம் பாபநாசத்தின் தனிச் சிறப்பைக் குறைத்தது. மின்கம்பி செல்லும் இடமெல்லாம் ஆலை வைக்கலாம் என்றானபின் ஆற்றங்கரைக்கு அவசியம் இல்லை. பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸைத் தொடர்ந்து, பெரிய ஆறு இல்லாத இராஜபாளையம் பல நூற்பாலைகள் கொண்ட நகராயிற்று. பருத்திச் சந்தைக்கு அண்மையும் உள்ளூர் முதலீடும் அங்கு துணை நின்றன. ஒரே ஆலையை நம்பிய விக்கிரமசிங்கபுரத்தில் அவ்வாறு தொழில்கள் பெருகவில்லை. புதிய எந்திரங்களால் ஆள்தேவை குறையக் குறைய, அடுத்த தலைமுறை வேலை தேடி வெளியூர் செல்லலாயிற்று.

பிற்காலத்தில் காற்றும் இக்கதையில் சேர்ந்தது. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில், இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று அமைந்தது. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயின் காற்று வீசும் ஊர்களிலும் காற்றாலைகள் பெருகின. அவற்றுள் பல, நூற்பாலைகள் தம் மின் தேவைக்காக நிறுவியவை.

பாதுகாக்க வேண்டியவை

19-ஆம் நூற்றாண்டில் நீராவி எந்திரம் பரவியதும் சான் கரைக் காற்றாலைகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காக்க 1925-இல் ஒரு சங்கம் தோன்றியது. 1960-களில் பழைய மர வீடுகளும் ஆலைகளும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, சான்செ ஸ்கான்ஸ் என்ற குடியிருப்பு உருவானது. அங்கு இன்றும் காற்றால் எண்ணெய் ஆட்டுவதையும் மரம் அறுப்பதையும் காணலாம்.

பாபநாசம் ஆலையின் வரலாறும் அவ்வாறு பேணத் தக்கது. பழைய எந்திரங்கள், சம்பளப் பதிவேடுகள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், நிழற்படங்கள் ஆகியவை வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்தால் அவற்றைத் திரட்டலாம். கதிர்களுக்கு இடையே வேலை செய்து ஓய்வுபெற்ற தொழிலாளரின் நினைவுகளை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்வது இன்னும் அவசரமானது. கட்டடம் சில ஆண்டுகள் காத்திருக்கும், எழுபது எண்பது வயதைக் கடந்தவர்களின் நினைவு காத்திராது. அம்பாசமுத்திரம் வட்டாரப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் இப்பணியை விடுமுறைக் காலத்திலேயே தொடங்கலாம்.