கண் தெரியாதவர் கண்டெடுத்த ஐக்மன்

சென்ற இதழை 1960 மே 11 மாலையில், கரிபால்டி தெரு முனையில் நிறுத்தியிருந்தேன். ரிக்கார்டோ கிளெமென்ட் என்ற பெயரில் ஒளிந்திருந்த நாஜி ஐக்மன் பேருந்திலிருந்து இறங்க வேண்டும். இஸ்ரேலிய உளவு அமைப்பான மொசாட்டின் ஆள் பீட்டர் மால்கின் கையுறை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார். இந்த வாரம் கைதுதான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

இடையில் 'தி டெப்ட்' படத்தை மறுபடி பார்த்தேன். ஹெலன் மிர்ரன் நடித்து 2010-ல் வந்தது. 2007-ல் வந்த இஸ்ரேலியப் படத்தின் மறுஆக்கம். கிழக்கு பெர்லினில் நாஜி மருத்துவன் ஒருவனைப் பிடித்து, தப்பவும் விட்டுவிடுகிற மூன்று மொசாட் உளவாளிகள், அவனைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லிவிடுகிறார்கள். முப்பது வருடம் அந்தப் பொய்யின் மேல் உட்கார்ந்து மாலை மரியாதை ஏற்கிறார்கள். கதை கற்பனைதான். ஆனாலும் படம் முடிந்தபோது, ஐக்மனைப் பற்றி உண்மையைச் சொல்லியும் காக்கவைக்கப்பட்ட லோதர் ஹெர்மன் முகம் எனக்கு வந்து நின்றது. அவரைச் சொல்லாமல் கைதைச் சொல்ல மனம் வரவில்லை.

ஹெர்மன் ஜெர்மானிய யூத வம்சாவளி. டாகாவ் முகாமில் அடைபட்டு, பிறகு அர்ஜென்டினாவில் குடியேறியவர். பார்வையை இழந்தவர். புவெனஸ் அயர்ஸை ஒட்டிய ஒலிவோஸில் குடியிருந்தபோது, மகள் சில்வியாவுடன் பழகிய இளைஞன் ஒருவன் வீட்டுக்கு வந்து போனான். யூதர் வீடு என்று அவனுக்குத் தெரியாது. யூதர்களை ஜெர்மானியர்கள் முழுசாக ஒழித்திருக்க வேண்டும் என்று அந்த வீட்டிலேயே பேசினான். பெயர் கிளாவுஸ் ஐக்மன். தகப்பன் கிளெமென்ட் ஆகிவிட்டான். மகன் பரம்பரைப் பெயரை விடவில்லை!

1957-ல் ஹெர்மனின் தகவல் பிராங்க்ஃபர்ட்டில் அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பாவருக்குப் போனது. இந்தத் தொடரில் நான் தலைவணங்கும் மனிதர் அவர். தன் நாட்டு அதிகாரிகளில் பழைய நாஜிகள் எத்தனை பேர் என்று அறிந்தவர். செய்தி கசிந்தால் ஐக்மன் பறந்துவிடுவான் என்று ரகசியமாக இஸ்ரேலுக்குச் சொன்னார். அவர் பங்கு வெளியே தெரிந்தது 1968-ல் அவர் இறந்த பிறகுதான்.

மொசாட் ஓர் ஆளை அனுப்பியது. சாக்கபுகோ தெருவில் ஐக்மன் அப்போது குடியிருந்த எளிய வீட்டைப் பார்த்தவர், இத்தனை பெரிய நாஜி இங்கேயா என்று திரும்பிவிட்டார். அடுத்து வந்தவரோ, தகவல் தந்தவருக்குக் கண் தெரியாது என்று கண்டு திகைத்தார்.

சாக்கபுகோ தெரு வீட்டுக் கதவைத் தட்டியது சில்வியா. கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். கிளாவுஸின் மாமா என்று சொல்லிக்கொண்டார். உட்காரவைத்துப் பேசினார். பிறகு கிளாவுஸ் வந்தான்; அவளைப் பேருந்துக்கு அழைத்துப் போகக் கிளம்பும்போது வாய் தவறி அவரை "அப்பா" என்றான். அந்த ஒரு சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு திரும்பிய பெண்ணின் துணிச்சலுக்கு எந்த உளவாளியின் துணிச்சலும் ஈடில்லை.

ஹெர்மன் ஓரிடத்தில் சறுக்கினார். வீட்டுச் சொந்தக்காரர் ஷ்மிட்தான் ஐக்மன் என்று நினைத்துவிட்டார். மொசாட்காரர்கள் விசாரித்தார்கள், பொருந்தவில்லை. 1958 ஆகஸ்டில் ஹெர்மனுடன் தொடர்பை முறித்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் இரண்டு மின்சார மீட்டர்கள் இருந்தன. ஒன்றின் பெயர் கிளெமென்ட். அந்தப் பெயரும் அவர்கள் கையில் இருந்தது! கண்ணுள்ளவர்கள் அதைத் தொடரவில்லை. என்னைக் கேட்டால், மொசாட் தலைவர் இசர் ஹரேல் காலமெல்லாம் வெட்கப்பட்டிருக்க வேண்டிய இடம் இது.

1959 டிசம்பரில் பாவர் ஜெருசலேமுக்கே போய்க் கோபப்பட்டார். இம்முறை வேறொருவர் வழியாகவும் கிளெமென்ட் என்ற பெயர் அவருக்குக் கிடைத்திருந்தது. அதற்குப் பிறகுதான் கோப்பு அசைந்தது.

ஐக்மனைக் காட்டிக்கொடுப்பவருக்கு அறிவித்த பத்தாயிரம் டாலர் வெகுமதி ஹெர்மன் கைக்கு வந்தபோது 1970-கள் பிறந்துவிட்டன. 1974-ல் அவர் இறந்தார்.

கரிபால்டி தெரு, அடுத்த இதழில்.