கொடுத்தவர் யார்? செதுக்கியவர் யார்?

வரலாறு என்றதும் மன்னர் பெயர்களை வரிசைப்படுத்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. புத்தர் நெறியில் பூத்த கலையைப் பேசும்போதும் அசோகரைச் சொல்வோம், கனிஷ்கரைச் சொல்வோம், அத்தோடு அமைவோம். ஆனால், அவர்தம் ஆணை எட்டாத பாலைகளுக்கும் கடல் கடந்த தீவுகளுக்கும் அக்கலை சென்றதே! எவர் பொருளால் வளர்ந்தது? எவர் கைகளால் உருவாயிற்று? கற்களே விடை கூறுகின்றன.

மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சியை நோக்குவோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அசோகர் காலத்தில் செங்கல்லால் எழுந்த தூபி, பின்னர் கல்லால் போர்த்தப்பெற்றுப் பெரிதாயிற்று. அதன் கல்வேலியிலும் பாவுகற்களிலும் நூற்றுக்கணக்கான சிறு கல்வெட்டுகள் உள்ளன. இன்ன ஊர் வணிகன் கொடை, இன்ன பிக்குணியின் கொடை, இன்னவன் தாயின் கொடை என்பவையே அவை கூறும் செய்தி. தெற்குத் தோரண வாயிலின் ஒரு பகுதியைச் செதுக்கியவர்கள் விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் என்பதையும் கல்லே சொல்கிறது. யானைத் தந்தத்தில் நுணுக்கம் பயின்ற விரல்கள் கல்லையும் தந்தமாக்கின! அவ்வாயிலில் சாதகர்ணி மன்னன் பெயரும் உண்டு. ஆனால் அது, அவனுடைய கைவினைஞர் தலைவனான ஆனந்தன் அளித்த கொடையைக் குறிக்குமிடத்தில்தான் வருகிறது!

தெற்கே, கிருட்டிணை ஆற்றங்கரையில் அமராவதி. அங்கே நிறைகுடம் செதுக்கிய பலகை ஒன்றைத் தன் குடும்பத்தாரோடு சேர்ந்து அளித்தவன் விதிகன். அவன் தொழில் என்ன? தோல் வேலை! பிற்காலச் சமுதாயம் எந்தத் தொழிலைத் தீண்டத்தகாதது என்று ஒதுக்கிற்றோ, அந்தத் தொழிலைப் பெயரோடு சேர்த்துப் பெருமையாகக் கல்லில் பொறிக்க அன்று இடமிருந்தது. இதைவிடப் பெரிய செய்தியை எந்த மன்னனின் மெய்க்கீர்த்தி நமக்குத் தந்துவிடும்?

தொடக்கக் காலச் சிற்பிகள் புத்தரை மனித வடிவில் காட்டவில்லை. சக்கரம், அரச மரம், அடிச்சுவடு, ஆளற்ற இருக்கை ஆகியவற்றாலேயே உணர்த்தினர். கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளில், குசாணர் ஆட்சியில், உருவச் சிலைகள் பெருகின. வடமேற்கே காந்தாரத்தில் சாம்பல் நிறக் கல்லில் கிரேக்கச் சாயல் பெற்றார் புத்தர்; அலைபாயும் கூந்தலும் மடிப்பு விழுந்த மேலாடையும் அங்கே வந்தவை. மதுராவிலோ செம்மணற்கல்லில் கங்கைச் சமவெளியின் முகம் கொண்டார். சென்ற நாடுதோறும் அந்நாட்டு மக்களின் முகத்தையே அக்கலை ஏற்றது. அது பரவியதன் கமுக்கம் இதுவே.

வணிகச் சாத்துகள் நடந்த வழியெல்லாம் கலையும் நடந்தது. ஆப்கானித்தானத்துப் பாமியானில் 38 மீட்டர், 55 மீட்டர் உயரச் சிலைகள் மலைமுகத்தில் குடையப்பட்டன. சீனத்தின் பாலைவன ஓரத்தில் உள்ள துன்குவாங்கில் கி.பி. 366இல் குகை குடையத் தொடங்கினர் என்பது மரபு. இன்று ஓவியமுடைய குகைகள் மட்டும் 492 உள்ளன. அச்சுவர்களின் அடிப்பகுதியில் பொருள் கொடுத்தோர் ஆணும் பெண்ணுமாக வரிசையாக நிற்கின்றனர். சாஞ்சியில் பெயராக இருந்தவர்கள் இங்கே முகமாகிவிட்டனர்!

தரைவழி இவ்வாறாக, கடல்வழியோ சாவகத்தை எட்டிற்று. கி.பி. 800ஐ ஒட்டி எழுந்த போரோபுதூரில் 504 புத்தர் சிலைகள் அமைந்தன. அதன் புடைப்புச் சிற்பங்களில், பாய் விரித்த கப்பல்களையும் சிற்பிகள் மறவாமல் செதுக்கினர். கலையைச் சுமந்த கலத்திற்குக் கலை செலுத்திய நன்றி போலும்!

அக்கடலின் மறுகரையில் நம் நாகப்பட்டினம். இராசராசன் காலத்தில் சீவிசய மன்னன் அங்கே சூளாமணி விகாரத்தை எழுப்பினான். சோழ மன்னன் ஆனைமங்கலத்தை அதற்கு அளித்தான். நாகப்பட்டினத்தில் 1856 முதல் 350க்கு மேற்பட்ட புத்தப் படிமங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. சோழநாட்டு வார்ப்புக் கலையில் வல்லவர்கள் வெண்கலத்தில் வடித்த அருளை அவற்றில் காண்கிறோம்.

இத்துணைச் செல்வத்தையும் நாம் என்ன செய்தோம்? அமராவதியின் கற்கள் கட்டடத்திற்கெனப் பெயர்க்கப்பட்டன. பல காளவாயில் வெந்து சுண்ணாம்பாயின. எஞ்சியவை சென்னையிலும் இலண்டனிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழங்கோபுரம், அரசின் இசைவோடே 1867இல் இடித்துத் தள்ளப்பட்டது. பாமியான் சிலைகளைத் தாலிபான்கள் 2001இல் வெடிவைத்துத் தகர்த்தனர். வெறியர் வெடிவைத்ததைக் கண்டு உலகம் பதறிற்று. பதறியது முறையே. ஆனால், வெறி ஏதுமின்றி, வெறும் அறியாமையால் அடுப்பிலிட்ட கற்களுக்காகப் பதறியவர் எத்தனை பேர்?

சோழநாட்டு வயல்களிலும் குளக்கரைகளிலும் புத்தர் சிலைகள் இன்னமும் வெளிப்படுகின்றன. ஊர் மக்கள் கண்ணில் முதலில் படுபவை அவை. அவற்றைத் துணி துவைக்கும் கல்லாக்குவதா, காப்பதா? நம் மாணவர்க்கு மன்னர் பட்டியலோடு விதிகன் பெயரையும் கற்பிப்போம். அவன் கதை அறிந்த சிறுவன், கொல்லையில் கிடக்கும் கல்லைப் புரட்டிப் பார்க்காமல் போகமாட்டான்.