வாயில் தேடி வரும் வாணிகம்

தோற்றுவாய்

ஈராண்டுகட்கு முன் ஒரு மாலைப்பொழுது, யான் வேண்டியிருந்த புத்தகக் கட்டொன்றைச் சுமந்துகொண்டு இளைஞரொருவர் எம் இல்லத்து வாயிலில் வந்து நின்றார். தலைக்கவசத்தைக் கழற்றியதும், அவர் என்னிடம் ஏழாம் வகுப்பில் தமிழ் பயின்ற மாணாக்கரென்பது புலனாயிற்று. "தமிழ் ஐயா, நலமா?" என வினவினார். உள்ளே வந்து சிறிது நீர் அருந்திச் செல்லுமாறு அழைத்தேன். "இன்னும் 32 வீடு இருக்கிறது, ஐயா, நின்றால் நேரம் தப்பிவிடும்" என்று கூறி விடைபெற்றார். நீர் நிறைந்த செம்பு என் கையிலேயே இருந்தது.

அன்று என் உள்ளத்தே சில வினாக்கள் எழுந்தன. இருந்த இடத்திலிருந்தே பண்டம் பெறும் இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றியது? எவ்வழிகளால் இத்துணைப் பெருகியது? வாணிகம் நம் சங்கத்து அன்பர் பலர்க்கு வாழ்க்கைத் தொழிலாதலானும், நம் இளைஞருட் சிலர் இப்பணியிற் புகுந்திருத்தலானும், இதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதலானேன்.

மேனாட்டில் தோன்றியவாறு

இவ்வாணிகம் இணையத்தோடு பிறந்ததென்று பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. வேல்ஸ் நாட்டில் நியூட்டவுன் என்னும் சிற்றூரில் துணிக்கடை வைத்திருந்த பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் என்பார், 1860-களில் தம்மூர்க் கம்பளித் துணிகளின் விலைப்பட்டியலைத் தபால் வழியாக அனுப்பி, வேண்டுவார்க்கு இருப்புப்பாதை வழியாகச் சரக்கை விடுத்துவந்தார். விக்டோரியா அரசியாரும், செவிலியர் தலைவியெனப் புகழ்பெற்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அவரிடம் துணி வாங்கினர். 1879இல் அவ்வூர் இருப்புப்பாதை நிலையத்தின் அருகே அவர் பெரிய பண்டகசாலையொன்று எழுப்பினார். கடை தெருவில் இருத்தல் வேண்டுமென்னும் பழைய விதி அன்று தளர்ந்தது. சரக்கு, வண்டிக்கு அருகில் இருந்தாற் போதுமென்றாயிற்று.

அமெரிக்க நாட்டில் ஏரன் மான்ட்கமரி வார்டு என்பார் ஊரூராய்ச் சென்று சரக்கு விற்கும் முகவராயிருந்தவர். உழவர் பெருமக்கள் நாட்டுப்புறக் கடைகளில் இடைத்தரகர் பலர்க்கும் ஊதியம் கொடுத்து மிகுவிலைக்கு வாங்கி வருந்துதலை அவர் நேரிற் கண்டார். அவர் முதலில் தேடிய சரக்கு 1871இல் சிகாகோ நகரை அழித்த பெருந்தீயில் வெந்தொழிந்தது. அவர் மனந்தளராது, 1872இல் ஒரே தாளில் 163 பண்டங்களின் விலையை அச்சிட்டு உழவர்க்கு அனுப்பினார். முகமறியா ஒருவற்குப் பணம் அனுப்ப யார்தான் அஞ்சார்? அவ்வச்சம் நீங்குமாறு, சரக்கு மனத்திற்குப் பிடியாதாயின் பணம் திருப்பித் தரப்படுமென்று 1875இல் உறுதி கூறினார். இவ்வாணிகத்தின் அடித்தளம் அவ்வுறுதிமொழியே என்பது என் துணிபு. பொறிகளெல்லாம் பின்னர் வந்தவை.

அவர்க்குப்பின் எழுந்தவர் ரிச்சர்டு சியர்ஸ். இருப்புப்பாதை நிலையமொன்றில் வேலை பார்த்த அவர், 1886இல் வணிகரொருவர் ஏற்க மறுத்த கடிகைகளை வாங்கி விற்று இத்தொழிலிற் புகுந்தார். அவரும் ரோபக் என்பாரும் கூடி நடத்திய நிறுவனத்திற்கு 1906இல் சிகாகோவில் ஏறக்குறைய 40 ஏக்கர் நிலத்தில் பண்டகசாலைத் தொகுதி அமைந்தது. அங்கே ஒவ்வொரு கடிதத்திற்கும் ஒரு காலக்கூறு வகுக்கப்பட்டது. ஒருவர் சட்டையும், கலப்பையும், கடிகையும் வேண்டியெழுதினால், அம்மூன்றும் வெவ்வேறு பகுதிகளினின்றும் குறித்த காலத்திற்குள் ஓரிடத்திற் சேர்தல் வேண்டும். சரக்குகள் சறுக்குபாதைகளிலும், தாமே நகரும் பட்டைகளிலும் இழிந்து வந்தன. இன்றைப் பண்டகசாலையின் கருவை நாம் அங்கே காண்கின்றோம்.

தபால் துறையும் துணைநின்றது. நாட்டுப்புற வீடுகட்கும் தபாலைக் கட்டணமின்றிக் கொண்டுசென்று கொடுக்கும் முறை அமெரிக்காவில் 1896இல் தொடங்கிற்று. பெருங்கட்டுகளை ஏற்கும் பார்சல் முறை 1913 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சிற்றூர்க் கடைக்காரர் கலங்கினர். சிலவூர்களில் விலைப்பட்டியல் நூல்களைத் தெருவிற் குவித்துத் தீயிட்டனர். ஆனால் எரிந்தது தாளே. உழவரின் தேவை எரிந்ததில்லை. பின்னர் உழவர் வீடுகளில் மோட்டார் வண்டி வந்தது; அவர்கள் தாமே நகரங்கட்குச் சென்று வாங்கலாயினர். அதனை உணர்ந்த சியர்ஸ் நிறுவனமே 1925இல் நேர்க்கடை திறந்தது. 1993இல் தன் பெரு விலைப்பட்டியலை முற்றும் நிறுத்திவிட்டது. அதற்கடுத்த ஆண்டில் அமேசான் பிறந்தது. வெற்றி பெற்றாரும் தம் பழைய வலிமையை மறப்பரென்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நம் நாட்டு வி.பி.பி.

நம் நாட்டில் இவ்வாணிகத்திற்கு வழிதிறந்தது 1877இல் தபால் இலாகா ஏற்படுத்திய வி.பி.பி. முறையாகும். விற்பவர் கட்டைத் தபாலில் ஒப்படைப்பார். தபாற்காரர் அதனை உரியவரிடங் கொடுத்து விலையைப் பெறுவார். அத்தொகை விற்றவர்க்குச் சென்று சேரும். வாங்குவோன் முன்பணம் அனுப்பி ஏமாறுதலும், விற்போன் சரக்கனுப்பி ஏமாறுதலும் இதனால் நீங்கின. பழைய தமிழ்த் திங்களிதழ்களைப் புரட்டுவார், புத்தகம், மருந்து, கடிகை முதலியன வி.பி.பி.யில் அனுப்பப்படுமென்னும் விளம்பரங்களைப் பக்கந்தோறும் காண்பர்.

யான் பள்ளியிற் படித்த காலத்து ஒரு நிகண்டு நூலை அங்ஙனம் வருவித்ததுண்டு. தபாற்காரர் திண்ணையில் அமர்ந்திருந்தார். என் அன்னையார் அரிசிப் பானையிலிருந்து சில்லறை தேடி எண்ணிக் கொடுத்தார். அதுவரை அவர் மோர் அருந்திக்கொண்டு ஊர்ச்செய்தி பேசிக்கொண்டிருந்தார். அவர் அரசாங்கத்து ஊழியர். திங்கட் சம்பளமும் முதுமைக்கு ஓய்வூதியமும் உடையவர். இதனை அன்பர்கள் நினைவிற்கொள்க. பின்னர் இதற்கு மீள்வேன்.

இணையம் வந்த பின்

1984இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில், 72 அகவை நிறைந்த மூதாட்டியார் ஒருவர் தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்த கருவியின் வாயிலாக வெண்ணெய்க்கு மாற்றாகிய மார்கரின், சோள அவல், முட்டை ஆகியவற்றை வேண்டிப் பெற்றார். வெளியே செல்லவியலாத முதியோர்க்கு உதவியாக நகராட்சி செய்த ஏற்பாடு அது. இவ்வாணிகத்தின் தொடக்கத்தில் இரக்கமும் ஓரிழையாக இருந்ததென்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

ஜெப் பேசோஸ் என்பார் 1994இல் அமேசானை நிறுவி, 1995இல் புத்தகம் விற்கத் தொடங்கினார். எந்தக் கடையிலும் அடங்காத அளவிற்குப் புத்தகங்கள் பலவாதலின் அவர் அதனைத் தேர்ந்தார். 1997இல் டெலவேர் மாநிலத்தில் இரண்டாம் பண்டகசாலை அமைத்தார். பின் அவை பல்கிப் பெருகின. எல்லோர்க்கும் இவ்வெற்றி வாய்க்கவில்லை. மளிகைப் பொருளை வாங்குவோர் தேர்ந்த அரைமணி நேர இடைவெளிக்குள் வீடு சேர்ப்பதாகக் கூறி 1999இல் கலிபோர்னியாவில் வணிகந் தொடங்கிய வெப்வேன் என்னும் நிறுவனம், பெரும்பொருளைப் பண்டகசாலைகளிற் கொட்டி, 2001இல் திவாலாயிற்று. வாங்குவோர் பெருகுமுன் கட்டடம் பெருகியதே அதன் கேட்டிற்குக் காரணம்.

நம் நாட்டில், அமேசானில் முன்பு பணியாற்றிய சச்சின் பன்சால், பின்னி பன்சால் என்னும் இருவர் 2007இல் பெங்களூரில் பிளிப்கார்ட்டைத் தொடங்கினர். அவர்களும் முதலில் விற்றது புத்தகமே. ஆயினும், காணாத கடைக்கு முன்பணம் செலுத்த நம் மக்கள் தயங்கினர். 2010இல், பொருள் கைக்கு வந்தபின் பணம் தரலாமென்னும் முறையை அந்நிறுவனம் கொணர்ந்ததும் வாணிகம் விரைந்து பரவிற்று. இது பழைய வி.பி.பி.யின் மறுபிறப்பன்றோ? 2013இல் அமேசான் இந்நாட்டிற் கடைவிரித்தது. 2018இல் பிளிப்கார்ட்டின் பெரும்பங்கை அமெரிக்க வால்மார்ட் நிறுவனம் 1,600 கோடி டாலருக்கு வாங்கியது.

பண்டகசாலையின் மாற்றம்

நிற்க. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதிப் பொருளும் இறக்குமதிப் பொருளும் மலைபோற் குவிந்து, சோழரின் புலிமுத்திரை பெற்றுக் காவலிற் கிடந்தமையைப் பட்டினப்பாலை கூறும். அங்கே பண்டம் தங்குதலே சிறப்பு. நம் வணிகர் கிட்டங்கி என்றும் குடோன் என்றும் வழங்கும் இடங்களும் அத்தகையனவே. அறுவடைக் காலத்திற் சேர்த்து, விலை ஏறுங்காலம் நோக்கிக் காத்திருப்பவை. இக்காலத்து இணையப் பண்டகசாலையோ பண்டம் தங்காதிருத்தலையே குறிக்கோளாக உடையது.

அங்கே சோப்பிற்கு அருகே புத்தகமும், புத்தகத்திற்கு அருகே விளையாட்டுப் பொம்மையும் கிடக்கும். காண்போர்க்கு அஃது ஒழுங்கின்மையாகத் தோன்றும். ஆனால் எது எவ்வறையிலுள்ளதென்பதைக் கணினி அறியும். வெற்றிடம் எதுவும் வீண்போகாது. ஒன்றற்கொன்று ஒவ்வாத பொருள்கள் அடுத்தடுத்து இருத்தலின், எடுப்பவர் ஒன்றை மற்றொன்றென மயங்குதலும் குறையும். முன்னர்த் தொழிலாளர் ஒருநாளிற் பலகல் நடந்து பொருளெடுத்தனர். 2012இல் அமேசான், கீவா என்னும் நிறுவனத்தை வாங்கி, அலமாரிகளைத் தூக்கிக்கொண்டு தொழிலாளரிடம் வரும் பொறிகளை அமைத்தது. 2025இல் அந்நிறுவனத்தின் பொறிகள் 10 இலட்சத்தை எட்டின.

நம் நாட்டில் இவ்வளர்ச்சிக்கு வரிமுறை மாற்றமும் ஒரு காரணம். மாநில எல்லை கடந்து விற்கப்படும் சரக்கிற்கு மத்திய விற்பனை வரி இருந்தமையின், அதனைத் தவிர்த்தற்கு நிறுவனங்கள் மாநிலந்தோறும் சிறு கிட்டங்கி வைத்திருந்தன. 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு சேவை வரி வந்தபின் அத்தேவை ஒழிந்தது. போக்குவரத்திற்கு ஏற்ற இடங்களிற் பெரும் பண்டகசாலைகள் எழுந்தன. சென்னையைச் சூழ்ந்து திருப்பெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம் ஆகிய பக்கங்களில் அவை பெருகியிருத்தலை வழிச்செல்வார் அறிவர். 2020இல் கொள்ளைநோய் பரவி நாடு முழுதும் கதவடைத்திருந்தபோது, கடைக்கே சென்று பழகியவரும் இம்முறையை நாடினர். 2021 முதற்கொண்டு, மக்கள் உட்புகாத சிறு கிடங்குகளைத் தெருக்களினிடையே அமைத்து, 10 நிமிடத்தில் பொருள் சேர்ப்பதாகச் சில நிறுவனங்கள் விளம்பரஞ் செய்யலாயின.

சுமப்பவர் நிலை

இனி யான் முன்னர்க் குறித்த தபாற்காரரை நினைவு கூர்க. திண்ணையில் அமர்ந்து மோர் அருந்த அவர்க்குப் பொழுதிருந்தது. அவர் பெயரை நாம் அறிந்திருந்தோம். இன்று வருபவர் பெயரைக் கைப்பேசி நமக்குக் காட்டுகின்றது. கதவு மூடுமுன் நாம் அதனை மறந்துவிடுகின்றோம். அவருட் பலர் நிறுவனத்தின் ஊழியராகவே எண்ணப்படுவதில்லை; எடுத்துச் சென்ற கட்டுக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர். வண்டியும் எரிபொருளும் அவர் பொறுப்பு. விழுந்து காயமுற்றால் அந்நாட் கூலி இல்லை. பண்டகசாலைக்குள் நிற்பார்க்கும் இடர் உண்டு. 2024இல் ஹரியானா மாநிலத்து மானேசரில் கடுங்கோடையிலும் தொழிலாளரை ஓய்வின்றி வேலைவாங்கியதாகச் செய்தி வெளிவர, தேசிய மனித உரிமை ஆணையம் மத்திய அரசிடம் விளக்கங் கேட்டது.

இத்தகைய பணிகளில் 2020-21இல் 77 இலட்சம் பேர் இருந்தனரென்றும், 2029-30இல் அவர் தொகை 2.35 கோடியாகுமென்றும் நிதி ஆயோக் மதிப்பிட்டது. சட்டமும் மெல்ல விழித்தது. ராஜஸ்தான் 2023இல் இவர்க்கெனத் தனிச்சட்டம் இயற்றிற்று. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்க்கு நல வாரியம் அமைந்தது. 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, நிறுவனங்கள் தம் ஆண்டு வரவில் நூற்றுக்கு 1 முதல் 2 வரை இவர் நலனுக்கு ஒதுக்குதல் வேண்டுமென்கிறது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கவை மூன்று. முதலாவது, கடை வைத்திருக்கும் அன்பர்க்கு: விலைப்பட்டியலை எரித்தவர் அதனால் பிழைத்ததில்லை. வார்டு வென்றது நேர்மையான விலையாலும், பிடியாத சரக்கைத் திரும்ப ஏற்றமையாலுமே. அவ்விரண்டும் தெருமுனைக் கடைக்காரராலும் இயலும். முகமறிந்த நட்போ அவர்க்கே உரியது. இரண்டாவது, இப்பணியிலுள்ள இளைஞரின் பெற்றோர்க்கு: நல வாரியத்திற் பெயர் பதிந்துகொள்ளுதல் உடனே செய்யற்பாலது. பதிவு செய்தற்கு நம் சங்கத்துக் கற்றவர்கள் உதவுதல் சிறந்த தொண்டாகும்.

மூன்றாவது, வாங்கும் நம்மனைவோர்க்கும்: விரைவென்பது பொறியினின்று மட்டும் பிறப்பதன்று, யாரோ ஒருவர் மூச்சினின்றும் பிறப்பது. நாளை வந்தாலும் கெடாத பண்டத்தை இன்றே, இக்கணமே வேண்டுமென்று கேளாதிருத்தல் நமக்கு அரிதன்று. எம் வாயிலில் இப்பொழுது மூடியிட்ட பானையொன்றில் நீர் வைத்திருக்கின்றோம். என் மாணாக்கர் மீண்டும் ஒருமுறை வந்தார். வண்டியினின்று இறங்கி, நின்றபடியே ஒரு குவளை அருந்திச் சென்றார்.