ஆணைக்கு அடங்கிய வாள்



பதுளையிலிருந்து கொழும்பு நோக்கிப் புகைவண்டியிற் செல்வோர், பண்டாரவளையைக் கடந்ததும் தியத்தலாவையை அடைவர். தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் வீரரை ஆங்கிலேயர் 1900ஆம் ஆண்டில் அடைத்துவைத்த இடம் அது. சுதந்திர இலங்கையின் இராணுவம் 1950ஆம் ஆண்டில் தன் பயிற்சி நிலையத்தை அங்கேதான் தொடங்கிற்று. அவ்வழியே மாணவரை ஒருமுறை அழைத்துச் சென்றபோது, தோட்டத்துச் சிறுவன் ஒருவன், இந்தப் படைக்குத் தமிழர் எவரேனும் தலைவராக இருந்ததுண்டா என்று வினவினான். உண்டு என்றேன். அவ்விடையின் விரிவே இன்றைய பேச்சு.

அவர் பெயர் அன்டன் முத்துக்குமாரு. 1908ஆம் ஆண்டிற் பிறந்தவர். கொழும்பு சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் ஒக்ஸ்போர்டிலும் பயின்று சட்டத்தரணியானார். இலங்கை இலகு காலாட்படையிற் தொண்டர் அதிகாரியாகச் சேர்ந்த அவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கண்டிக்கு அணித்தே அமைந்திருந்த மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகத்தைக் காத்த படைக்குத் தலைமை தாங்கினார். 1949 ஒக்டோபர் 10ஆந் திகதி இலங்கை இராணுவம் உருவாயிற்று. அதன் முதல் இரு தளபதிகளும் ஆங்கிலேயர். 1955ஆம் ஆண்டில் அப்பதவியை ஏற்ற முதல் இலங்கையர் முத்துக்குமாருவே.

இவருக்கு ஒப்புநோக்கத் தக்க ஒருவர் பாகிஸ்தானில் இருந்தார். ஆங்கிலேயத் தளபதியின் பின் 1951ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படைக்குத் தலைவரான முதற் சுதேசி அயூப் கான். இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். ஆங்கிலப் படைமரபில் வளர்ந்தவர்கள். எனினும் 1958ஆம் ஆண்டு இருவரையும் இருவேறு வழியில் நிறுத்திற்று.

அவ்வாண்டு மே மாதத்திலே இலங்கையில் இனக்கலவரம் மூண்டது. தமிழர் பலர் உயிரும் உடைமையும் இழந்தனர். மே 27ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. ஒழுங்கை நிலைநாட்டப் படை வீதியில் இறங்கிற்று. தளபதியோ தமிழர். அவர் உள்ளம் எத்துணைக் கொதித்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாமேயன்றி அறியோம். அறிந்தது ஒன்று: படை சிவில் அரசின் ஆணைக்கு உட்பட்டே இயங்கிற்று, பணி முடிந்ததும் பாசறைக்குத் திரும்பிற்று. ஐந்து மாதங்களின் பின், ஒக்டோபர் 27ஆந் திகதி, அயூப் கான் பாகிஸ்தானின் ஆட்சியைத் தம் கைக்கொண்டார்.

1959 செப்டெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டு மாண்டார். நாடு திகைத்து நின்ற அந்நாளிலும் படை எல்லை கடக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஓய்வுபெற்ற முத்துக்குமாரு, பின்னர் உயர்ஸ்தானிகராகச் சென்ற நாடுகளுள் ஒன்று, அயூப் கான் ஆண்ட பாகிஸ்தானே! 1962 சனவரியில் இலங்கையிலும் படை, காவற்றுறை அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றனர். ஆசை இங்கும் இல்லாமலில்லை என்பதற்கு அதுவே சான்று.

இதனால் நமக்கென்ன என்று ஊவாத் தோட்டத்தார் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒரு தமிழர் படைத்தலைவராய் வீற்றிருந்த அதே காலத்தில், தோட்ட மக்களிற் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராய், வாக்கற்றவராய் நின்றனர். ஒருவர் உயர்ந்த பதவி ஓரினத்தின் துயரைத் தீர்த்துவிடாது. ஆயினும் பாராளுமன்றம் பறித்ததைப் பாராளுமன்றமே படிப்படியாக மீட்டளித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதன் நிறைவு. அம்மன்றம் படைவீரர் காலடியில் வீழ்ந்திருந்தால் நாம் எவரிடம் முறையிட்டிருப்போம்?

பாகிஸ்தானில் அயூப் கான் 1969ஆம் ஆண்டிற் பதவி துறந்தபோது, ஆட்சி மற்றொரு தளபதியின் கைக்கே சென்றது. ஈராண்டில் அந்நாடு இரண்டாயிற்று. ஒரு தளபதியின் பெருமை அவர் செய்தவற்றில் மட்டுமன்று, செய்யாது விட்டவற்றிலும் உண்டு. அச்சிறுவனுக்கு நான் அன்று சொல்லாது விட்ட மறுபாதி இதுவே.