துண்டும் அனுமதிப்பத்திரமும்

சில ஆண்டுகளுக்கு முன் பசறைப் பக்கம் ஒரு முச்சக்கர வண்டியில் சென்றுகொண்டிருந்தேன். வளைவொன்றில் பொலிசார் மறித்தனர். தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்த சாரதி இறங்கிப்போய்ச் சாரதி அனுமதிப்பத்திரத்தை நீட்டினார். அது அவர்களிடமே தங்கிவிட்டது. பதிலாக ஒரு தாள் கைக்கு வந்தது. அதில் கையால் எழுதியிருந்த சிங்கள வரிகள் அவருக்குப் புரியவில்லை. குற்றம் என்னவென்று அவர் கேட்கவுமில்லை. திரும்பி வந்து என்னிடம் கேட்டது ஒன்றே: "இனி வண்டி ஓட்டலாமாங்க ஐயா, கூடாதா?"

எனக்கும் உடனே விடை தெரியவில்லை. பயந்துபோன அவர் இரண்டு வாரம் வண்டியை எடுக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். இரண்டு வார வருமானம் போயிற்று.

வீதியில் வாகனங்களை மறிப்பதே தவறென்று நான் சொல்லவரவில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பேருந்து, பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை அவ்வட்டாரம் மறந்திருக்காது. அத்தகைய வீதிகளில் கண்காணிப்பு வேண்டியதே. மறிக்கப்பட்டவர் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்காமல் திரும்பினார் என்பதே என்னை உறுத்தியது. அதன் விடை மலையகத்தின் வரலாற்றில் இருக்கிறது.

1865ஆம் ஆண்டு இலங்கையில் இரண்டு கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. 16ஆம் இலக்கச் சட்டம் பொலிஸ் படையை ஒழுங்கமைத்தது. அதே ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளரின் சேவை ஒப்பந்தம் பற்றியது. முன்னறிவித்தல் கொடாமல் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளியானான். அவனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கலாம். வேலையை விடுவது, உரிமையியல் தகராறாக அன்றிக் குற்றவியல் விவகாரமாகவே கொள்ளப்பட்டது.

இதனோடு சேர்ந்து நிலவியது துண்டு முறை. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சிறு தாளே துண்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிவது அரிது. ஒரு மனிதன் போகலாமா, கூடாதா என்பதை அவனால் வாசிக்க முடியாத ஒரு தாள் தீர்மானித்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தாளைக் கண்டால் எழும் அச்சத்தை ஒழிக்க எந்தச் சட்டமும் வரவில்லை.

எனினும் இதே நாட்டில், கைதுக்கும் காவலுக்கும் காரணம் கேட்கும் மரபும் வளர்ந்தது. 1937இல், தோட்டத் தொழிலாளரின் பக்கம் நின்று மேடையேறிய பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளையரை நாடுகடத்த ஆளுநர் ஸ்டப்ஸ் ஆணையிட்டார். ஆட்கொணர்வு மனுவை விசாரித்த பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆளுநரே ஆனாலும் சட்டம் தந்த அதிகாரத்துக்கு அப்பால் ஒருவரைப் பிடித்துவைக்க முடியாது என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. பின்னர் 1954இல், கொரெயா எதிர் அரசி வழக்கில் நீதியரசர் கிரேஷன், பிடியாணையின்றிக் கைது செய்யும் பொலிசார் அதற்கான காரணத்தைச் சொல்லவேண்டும் என்ற நெறியை வலியுறுத்தினார். இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1947இல் வகுத்த நெறி அது.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை இதனை அடிப்படை உரிமையாக்கிற்று. இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கவேண்டும். நடமாடும் சுதந்திரத்தைப் 'பிரசைகளுக்கு' வழங்கும் அரசியலமைப்பு, கைதின் காரணத்தை அறியும் உரிமையை 'எந்த ஆளுக்கும்' வழங்குகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை எஞ்சியோர் காத்திருந்த ஒரு சமூகத்துக்கு இவ்வேறுபாடு சிறியதன்று. குடியுரிமை இல்லாத நாளிலும் "ஏன்?" என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

அமெரிக்காவிலும் இந்த வாதம் ஓய்ந்தபாடில்லை. சந்தேகம் ஏதுமின்றி, அனுமதிப்பத்திரத்தைப் பார்ப்பதற்காக மட்டும் தனியொரு வாகனத்தைத் தம் விருப்பப்படி மறிக்கக்கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. 2020இல் கன்சாஸ் மாநில வழக்கொன்றில், வாகன உரிமையாளரின் அனுமதிப்பத்திரம் இரத்தாகியிருப்பது தெரிந்தால், ஓட்டுபவர் வேறொருவர் என்று காட்டும் தகவல் இல்லாதவரை, மறிப்பது நியாயமே என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கூறியது.

நம் சட்டம் வேறு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி சாரதி அனுமதிப்பத்திரத்தைத் தம்முடன் வைத்திருக்கவேண்டும். பொலிஸ் உத்தியோகத்தர் கேட்டால் காட்டவேண்டும். ஆகவே கேட்பது சட்டபூர்வமானதே. அனுமதிப்பத்திரம் முறைப்படி இடைநிறுத்தப்பட்ட பின் வாகனம் ஓட்டுவது தனிக் குற்றம். ஆனால் தண்டப்பணச் சீட்டைத் தந்து பொலிசார் அதனை வாங்கி வைத்துக்கொள்வது இடைநிறுத்தம் ஆகாது. பல்லாண்டு நடைமுறையில் அச்சீட்டே 14 நாளுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். அதற்குள் தபாலகத்தில் தண்டம் செலுத்தி மீட்டுக்கொள்ளலாம். 2025இல் தொடங்கிய இணையவழிக் கட்டண முறை இந்த அலைச்சலையும் குறைத்து வருகிறது.

அந்தச் சாரதி இரண்டு வாரம் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தது, வண்டியை ஓட்டலாம் என்று சொல்லும் தாளையே. அதை அவருக்கு வாசித்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த பத்திரிகைக்காரனாகிய எனக்கும் அன்று தெரிந்திருக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதினேன்.