கூரையில்லாத கோவில்: ஜான் டென்வரின் மலைப்பாட்டு

அமெரிக்க கன்ட்ரி இசையில் பக்தின்னு சொன்னதும் சர்ச்சும் கோஸ்பல் பாட்டும்தான் நினைவுக்கு வரும். இன்னைக்கு, மலையையே கோவிலாகப் பாடிய ஒருத்தரைப் பத்திப் பேசுவோம். ஜான் டென்வர்.

1943 டிசம்பர் 31-ல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் பிறந்தவர். அப்பா விமானப்படை அதிகாரி; அடிக்கடி மாற்றல். இதுதான் என் ஊர்னு சொல்லிக்க இடமில்லாம வளர்ந்தவருக்கு, கொலராடோவின் ராக்கி மலைகள் சொந்த ஊராச்சு.

ஒரு ஆகஸ்ட் மாதம், நண்பர்களோடு வில்லியம்ஸ் ஏரிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார். அது பெர்சீட் எரிகல் பொழிவு நடக்கிற நேரம். ஒரு வால்மீன் விட்டுப்போன தூசுப் பாதையை பூமி வருஷா வருஷம் கடக்கும்போது நிகழ்வது. அந்த இரவுதான் 'ராக்கி மவுன்டன் ஹை' பாட்டின் விதை. பாட்டு வெளியானது 1972-ல். மலைக்கு வந்து புதுசாப் பிறந்த ஒருவன், அந்த அமைதியிலேயே கடவுளோடு பேசுகிறான். நடுவில் போதகரும் இல்லை, பீடமும் இல்லை.

சிக்கல் 'ஹை' என்ற சொல்லில் வந்தது. உயரத்துக்கும் அதே சொல், போதைக்கும் அதே சொல். இது போதைப்பொருள் பாட்டுன்னு சில வானொலி நிலையங்கள் ஒதுக்கி வைத்தன.

கன்ட்ரி உலகத்துக்குள்ளும் அவர் மேல் முணுமுணுப்பு இருந்தது. இது பாப் இசைதானே என்று. 1975-ல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் உச்ச விருதுக்கு அவர் பெயரை அறிவித்த சார்லி ரிச், பெயர் இருந்த சீட்டை மேடையிலேயே கொளுத்தினார். ஏன் அப்படிச் செய்தார் என்பது இன்னும் விவாதம்தான்.

1985 செப்டம்பர் 19. பாட்டுகளுக்கு எச்சரிக்கை முத்திரை வேண்டுமா என்று அமெரிக்க செனட் குழு விசாரிக்கிறது. டென்வர் போய் உட்கார்ந்து தன் பாட்டையே உதாரணமாகச் சொன்னார். தடை செய்தவர்கள் அந்த மலைகளை ஒருமுறையும் பார்க்காதவர்கள். நான் பாடியது அங்கே கிடைக்கிற பரவசத்தை. இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் தனக்குக் கிடைத்த மன நிம்மதி உண்மையானதுதான் என்று அரசாங்கத்தின் முன்னால் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது!

1997-ல் விமான விபத்தில் இறந்தார். பத்து வருஷம் கழித்து, 2007-ல், கொலராடோ சட்டமன்றம் இதே பாட்டை மாநிலத்தின் இரண்டாவது அதிகாரபூர்வப் பாடலாக ஏற்றது. போதைப் பேச்சு அப்பவும் எழுந்தது. ஆனா இந்த முறை முடிவெடுத்தவங்க அந்த மலைகளைத் தினமும் பார்க்கிறவங்க.