வகுப்பறைக்குள் கணினி விளையாட்டு: பிள்ளை எதைக் கற்கிறது?

"டீச்சர்தான் விளையாடச் சொன்னாங்க" என்று பிள்ளை சொன்னால் நம்பலாமா? கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளுக்குப் பிறகு பெற்றோர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிள்ளையின் கையிலிருந்து கைபேசியை வாங்கி வைப்பதே பெரும்பாடாக இருக்கும் வீட்டில், பள்ளிக்கூடமே விளையாட்டைக் கொடுத்தனுப்பினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் அந்தப் பிள்ளை சொல்வது உண்மையாக இருக்கலாம். பாடம் நடத்தக் கணினி விளையாட்டைப் பயன்படுத்தும் வழக்கம் கைபேசியைவிட வயதில் மூத்தது.

1971-இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்த வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் கூண்டு வண்டிகளில் மேற்கு நோக்கிப் போன பயணம்தான் பாடம். முதலில் அட்டையில் ஆடும் ஒரு விளையாட்டாகத்தான் அதை யோசித்தார். அவரோடு தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரும் கணக்குப் பாடத்துக்கான பயிற்சி ஆசிரியர்கள். கணினி நிரல் எழுதத் தெரிந்தவர்கள். மூவரும் சேர்ந்து சுமார் இரண்டு வாரத்தில் அதைக் கணினி விளையாட்டாக்கினார்கள். 'தி ஓரிகன் டிரெயில்' பிறந்தது இப்படித்தான். திரை கிடையாது. தொலைபேசிக் கம்பி வழியே வேறோர் இடத்திலுள்ள கணினியோடு இணைந்த அச்சு இயந்திரம் ஒன்று கேள்வியைத் தாளில் அடித்துத் தரும். மாணவர்கள் பதிலைத் தட்டுவார்கள்.

கையில் இவ்வளவு டாலர், போக வேண்டிய தூரம் சுமார் 2,000 மைல். உணவுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு? துணியில் மிச்சம் பிடித்தவன் மலைக்குளிரில் மாட்டுவான். மருந்தை மறந்தவன் நோயில் விழுவான். வகுப்புக்கு ஓர் இயந்திரம்தான் என்பதால் பிள்ளைகள் குழுவாக நின்று, வரைபடம் பார்க்க ஒருவர், பணக்கணக்குக்கு ஒருவர், வேகமாகத் தட்டெழுத ஒருவர் என்று பிரித்துக்கொண்டார்கள். பற்றாக்குறை அங்கே நன்மையாகவே முடிந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆளுக்கொரு கருவி இருந்திருந்தால் அந்தப் பேச்சும் விவாதமும் நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

1974-இல் மின்னசோட்டா மாநிலக் கல்விக் கணினி அமைப்பில் ராவிட்ச் வேலைக்குச் சேர்ந்தபோது விளையாட்டை மீண்டும் எழுதினார். பயணிகள் எழுதிவைத்த நாட்குறிப்புகளைப் படித்து, எந்த இடத்தில் எந்த ஆபத்து எவ்வளவு நேர்ந்திருக்கும் என்று திருத்தினார். அப்படியும் ஒரு குறை நின்றது. அந்த மண்ணின் பழங்குடிகளுக்கு இந்தப் பயணம் என்னவாக இருந்தது என்பதை வண்டியில் உட்கார்ந்து ஆடும் பிள்ளை தானாக உணராது. அதைச் சொல்ல ஆசிரியர் வேண்டும்.

கணக்குப் பாடத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 'டிராகன்பாக்ஸ்' என்ற விளையாட்டு 2012-இல் வந்தது. படங்களை நகர்த்தி ஒரு பெட்டியைத் தனிமைப்படுத்த வேண்டும். உண்மையில் பிள்ளை செய்வது சமன்பாட்டில் எக்ஸின் மதிப்பைக் காணும் வேலை. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையும், வழக்கமான முறையில் இயற்கணிதம் கற்பிக்கும் ஒரு கணினி மென்பொருளையும் வகுப்பறையில் ஒப்பிட்டார்கள். விளையாட்டை மாணவர்கள் அதிகம் ரசித்தார்கள். ஆனால் விளையாட்டுக்கு வெளியே தேர்வு வைத்தபோது மென்பொருளில் படித்தவர்களே நன்றாகச் செய்தார்கள். படத்தை நகர்த்தத் தெரிந்த பிள்ளைக்கு அதே கணக்கைத் தாளில் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. "இப்போது நகர்த்தினாயே, அதுதான் இது" என்று கரும்பலகையில் எழுதிக்காட்டும் பத்து நிமிடம் இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது பொழுதுபோக்கு மட்டுமே.

நார்வேயிலிருந்து வந்த 'கஹூட்' வினாடி வினாவை இப்போது பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. சரியான பதிலை விரைவாகச் சொன்னால் அதிகப் புள்ளி. நிதானமாக யோசிக்கும் பிள்ளை சரியாகச் சொல்லியும் பின்தங்கும். நேரத்தைக் கூட்டி வைக்க வசதி இருக்கிறது, அதைச் செய்யும் ஆசிரியர்களைத்தான் காணோம்! முதல் மூவரை அறிவிப்பதைவிட, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் எத்தனை பேர் எந்த விடையைத் தேர்ந்தார்கள் என்று திரையில் வருவதே பெரிய பயன். பாதி வகுப்பு தவறான விடையைத் தொட்டிருந்தால் அந்த இடத்தில் நிறுத்தி மறுபடி நடத்த வேண்டும்.

கேள்வி கேட்டுக் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. முஸ்லிமுக்கு உவமையான மரம் எது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது, பேரீச்ச மரம் என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் தோன்றியது. பெரியவர்கள் நடுவே வயதில் சிறியவராக இருந்ததால் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். புகாரியில் வரும் இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நம் வகுப்பின் கடைசி வரிசை நினைவுக்கு வரும். பதில் தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளைகள் எத்தனை பேர்!

அவர்களுக்காக நாம் மாலை மக்தபில் 'பிளிக்கர்ஸ்' முறையைச் செய்துபார்த்தோம். பிள்ளைகளுக்குக் கைபேசி தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை. எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்கிறார்களோ அதுதான் விடை. உஸ்தாதின் ஒரே கைபேசி எல்லா அட்டைகளையும் கேமராவில் படித்துவிடும். ஒவ்வோர் அட்டையிலும் கட்டம் வேறு வேறாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பிடித்துப் பயனில்லை. தஜ்வீது பாடத்தில் இக்ஃபாவையும் இத்காமையும் பாதிப் பேர் குழப்பிக்கொண்டிருந்தது அன்றுதான் நமக்கே தெரிந்தது. அதுவரை முன்வரிசை சத்தமாகச் சொன்ன பதிலைக் கேட்டு எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று எண்ணியிருந்தோம்.

வீட்டுக்கு ஒரு விளையாட்டு வந்தால், பெற்றோர் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் பார்க்கட்டும். பாடம் புரியாமலேயே, கண்டபடி தட்டி ஜெயிக்க முடிகிறதா? முடிந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நாணயம் வாங்கச் சொல்கிறதா, திறந்தால்தான் தெரியும் பரிசுப்பெட்டிக்குப் பணம் கேட்கிறதா? அதை அன்றே நீக்கிவிடுங்கள். அது சூதாட்டப் பழக்கத்தின் வாசல். இரண்டும் இல்லையென்றால், நாளை வகுப்பில் இதைப் பற்றி என்ன பேசினீர்கள் என்று பிள்ளையிடம் கேளுங்கள். "ஒன்றும் பேசவில்லை" என்று தொடர்ந்து பதில் வந்தால் பள்ளிக்கு ஒருமுறை போய்வர வேண்டியதுதான்.